மெதுவாக ஓட ஒரு சிலிண்டர் ஹெட்

ஒரே சிலிண்டர் ஹெட்டைப் பற்றி இரண்டு பேர் அப்துல் காதரிடம் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் அவர் "ம்" என்று சொல்லியிருந்தார். இப்போது அந்த ஹெட் மேசைமேல் இருந்தது. அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சொன்னவன் உமைர், அவருடைய மகள் யும்னாவைக் கட்டிக்கொள்ளப்போகிறவன். முந்தின நாள் எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கி, பழைய டீசட்டையில் சுற்றிய ஒரு கனத்த பொட்டலத்தை, பிறந்த குழந்தையை நீட்டுவதுபோல இரண்டு கைகளாலும் நீட்டினான். அவனுடைய மோட்டார் சைக்கிளின் ஹெட். உபி தொழிற்பேட்டையில் ஒரு மெக்கானிக் கழற்றிக் கொடுத்தாராம்.

"காத்து நல்லாப் போகணும் மாமா. இழுவை பத்தலைன்னு ஒரே புகார்," என்றான்.

அப்துல் காதர் "ம்" என்றார்.

மறுநாள் காலை, பட்டறைக் கதவைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஜைனப்பின் அழைப்பு வந்தது. உமைரின் தாய். கிளமெண்டியில் வீடு.

"சம்மந்தி, வண்டிச் சாமான் ஒண்ணு உங்ககிட்ட வந்திருக்குமே. அத எப்படியாவது மெதுவாப் போற மாதிரி ஆக்கிக் குடுத்துடுங்க. அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அந்த வண்டி அடங்காம நிக்கா கார்டு அடிக்கக் குடுக்க எனக்கு மனசு வரல."

அதற்கும் "ம்".

அப்துல் காதரின் "ம்" சம்மதம் அல்ல. காதில் விழுந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவர் யோசிக்கத் தொடங்குவார். யோசித்து முடித்து வாயைத் திறப்பதற்குள் எதிரில் இருந்தவர் எழுந்து போயிருப்பார். ஆஸ்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டதற்கும் "ம்" என்றார். யோசித்துக்கொண்டிருக்கும்போதே பிரியாணிக்கு ஆள் சொல்லிவிட்டார்கள். நல்லவேளையாக, யோசித்து வந்த பதிலும் அதுவாகவே இருந்தது. எல்லா முறையும் அப்படி அமைவதில்லை.

சிங்கப்பூரின் ஜாலான் புசாரில், ஆணியும் திருகும் விற்கிற செல்லக்கண்ணுவின் கடைக்கும் ஒரு சின்ன ஹோட்டலுக்கும் நடுவே அவருடைய பட்டறை. அங்கே வண்டிகள் வருவதில்லை, ஹெட்டுகள் மட்டுமே வரும். காற்று எஞ்சினுக்குள் போகிற வழியும் புகை வெளியேறுகிற வழியும் அந்த ஹெட்டுக்குள்தான் குடைந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த வழிகளில் மேடும் பள்ளமும் இருக்கும். வால்வு ஏறி இறங்குவதற்கான கைடு என்கிற சின்னக் குழாய், நடுவழியில் தூண்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். மேட்டைக் கரைத்து, வளைவை நீவி, கைடைச் சுற்றியிருக்கும் உலோகத்தை மீன் முதுகுபோலச் சீவிவிட்டால் காற்று எதிலும் முட்டாமல் போகும். வண்டி இழுக்கும். அதுதான் அவர் வேலை.

பல் டாக்டருக்கு ஊராரின் வாய் மட்டும் தெரிந்திருப்பதுபோல, அவருக்கு வண்டிகளின் தொண்டை மட்டும் தெரியும். அவர் செய்து கொடுத்த ஹெட் எந்தச் சாலையில் ஓடுகிறது என்று பார்த்ததில்லை. பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. காதில் அடைப்பான், மூக்கில் முகமூடி, கண்ணில் அலுமினியத் தூசி படிந்த கண்ணாடி. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். மாலையில் கிரைண்டரை நிறுத்திய பிறகும் அதன் ரீங்காரம் தோளிலும் பல்லிலும் மிச்சமிருக்கும். வீட்டுக்குப் போனால் மற்றவர்கள் பேசுவது அந்த ரீங்காரத்துக்கு அப்பால் எங்கோ நடப்பதுபோல இருக்கும்.

வேகமாக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். மெதுவாக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஆஸ்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் மீனை அரிந்தபடியே கேட்டாள். மாப்பிள்ளை கேட்டதையும் மறுக்கக் கூடாது, சம்பந்தியம்மா மனமும் கோணக் கூடாது, ரெண்டுக்கும் பொதுவாகப் பார்த்துச் செய்யுங்கள் என்றாள். அது எப்படி என்று கேட்க அவர் வாயெடுத்தபோது அவள் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

யும்னா சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள். "உமைரோட ஹெட் எப்ப முடியும் வாப்பா?"

வரப்போகிறவன்மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்கு மனம் இளகியது. பாலிகிளினிக் மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். தலைவலி மாத்திரையின் அட்டையைக்கூட இரண்டு முறை படித்துப் பார்க்கிற பெண். இப்படி ஒரு நிதானமானவளுக்கு அப்படி ஒரு வேகக்காரன் வாய்த்தானே என்று நினைத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்று அவளுக்கு அவர் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். அவளும் அன்றைக்கு "ம்" என்றாள்.

இரண்டு பேருக்கும் பொதுவாகச் செய்ய அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது.

மறுநாள் ஹெட்டின் வெளிவாயை மட்டும் கண்ணாடிபோலத் தேய்த்தார். விரல் நுழைகிற ஆழம் வரைக்கும் பளபளப்பு. அதற்குமேல் உள்ளே தொழிற்சாலை விட்ட மேடு மேடாகவே இருந்தது. கைடும் தூணாகவே நின்றது. பார்க்கிறவனுக்கு வேலை நடந்ததாகத் தெரியும். வண்டி பழையபடியே போகும். ஜைனப் தூங்குவார். இப்படி ஒரு மோசடியைத் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்ற சங்கடம் இருந்தாலும், வேலை சீக்கிரம் முடிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் உமைர் கறி பஃப்போடு வந்தான். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அது மகிழ்ச்சியால் என்று அப்துல் காதர் எடுத்துக்கொண்டார்.

"மாமா, வண்டி பறக்குது. எக்ஸ்பிரஸ்வேல கண்ணையே தொறக்க முடியல, சீரியஸா. நீங்க கை வச்சா வேற மாதிரிதான் இருக்கும்னு சொன்னது சரியாப் போச்சு."

அப்துல் காதர் கறி பஃப்பை மென்றார். வெறும் வாயைத் தேய்த்துக் கொடுத்த ஹெட் பறக்க முடியாது. ஆனால் பளபளப்பைப் பார்த்தவர்கள், வேலை நடந்துவிட்டது என்று நம்பி ஆக்ஸிலரேட்டரைக் கூடக் கொஞ்சம் முறுக்குவார்கள். இதில் காற்றுக்குப் பங்கில்லை, நம்பிக்கைக்குத்தான். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். உமைர் சலாம் சொல்லிக் கிளம்பிவிட்டான்.

ஜைனப் அன்று மாலையே அழைத்தார். மெதுவாக்கச் சொன்னால் மாப்பிள்ளையை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்களே என்று குறைபட்டுக்கொண்டார். மகன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு ஜாடி தண்ணீரைக் குடித்துவிட்டு, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து, ஓதத் தொடங்கிவிடுகிறானாம். அவன் இவ்வளவு மனமுருகி ஓதி அவர் பார்த்ததே இல்லையாம். தாய்க்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லையாம்.

கார்டு பேச்சையும் எடுத்தார். மாதிரி கார்டு மேசைமேல்தான் கிடக்கிறது, அச்சுக்குப் போகவில்லை என்றார்.

"ம்," என்றார் அப்துல் காதர்.

இந்த முறை நிஜமாகவே மெதுவாக்கிவிடுவது என்று முடிவு செய்தார். வால்வு கைடில் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது, ஹெட்டைத் திரும்ப அனுப்பு என்று உமைருக்குச் செய்தி போட்டார். இரண்டு நாளில் அது அதே டீசட்டைக்குள் வந்து சேர்ந்தது.

காற்று போகிற வழியைப் பெரிதாக்குவதுதான் அவர் இத்தனை காலமும் செய்துவந்தது. ஆகவே மெதுவாக்க அதைச் சின்னதாக்கினால் போதும். இரண்டு டியூப் பசையைக் கலந்து, பெட்ரோலுக்கும் சூட்டுக்கும் அசையாத அந்தக் கலவையை வழியின் தரையில் பூசி, வாய்க்காலில் மண் போட்டு மேடாக்குவதுபோல மேடாக்கினார். காய்ந்ததும் அளந்து பார்த்தார். அளக்க அவரிடம் ஒரு பெட்டி உண்டு. ஆஸ்மா தூக்கிப் போட்ட வேக்குவம் கிளீனரின் மோட்டாரைப் பொருத்தி அவரே செய்தது; ஹெட் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அது காட்டும். நன்றாகக் குறைந்திருந்தது. வேலையை ஒழுங்காகக் கெடுத்துவிட்டோம் என்ற திருப்தியோடு விளக்கை அணைத்தார்.

பக்கத்துக் கடைச் செல்லக்கண்ணு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். வாய் ஓயாத மனிதர். மாலையானால் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் முக்காலியைப் போட்டுக்கொண்டு போகிற வருகிற வண்டிகளைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"மருமகப்புள்ள வண்டிச் சாமானாண்ணே? திரும்பவுமா?"

"ம்."

"செய்ங்க, செய்ங்க. இந்த வயசுல ஆசைப்பட்டு ஓட்டாம எப்ப ஓட்டுறது. புள்ளைங்க சந்தோஷமா இருந்தாச் சரி லா."

உமைர் அடுத்து வந்தபோது கழுத்தில் பட்டை போட்டிருந்தான். அப்துல் காதர் அதைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. சிக்னல்ல பச்சை விழுந்ததும் வண்டி குபீர்னு பாயுது. உடம்பு முன்னால போயிடுது, தலை மட்டும் பின்னாலயே நின்னுடுது. டாக்டர் ரெண்டு நாள் லீவுக்கு எம்சி குடுத்தாரு." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ரொம்ப சந்தோஷம் மாமா. இதுக்கு முன்னால இப்படி இழுத்ததே இல்லன்னு ஒரே பாராட்டு," என்றான்.

அவன் போன பிறகுதான் அப்துல் காதருக்கு உறைத்தது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வழியைக் குறுக்கினால் மொத்தக் காற்று குறையும். உண்மை. ஆனால் குறுகிய வழியில் காற்று விசையோடு ஓடும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதுபோல. அதனால் கடைசி வேகம்தான் குறையும். நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற இழுவை கூடிவிடும். சிங்கப்பூரில் கடைசி வேகத்துக்கு யார் போகிறார்கள்? சிக்னலிலிருந்து சிக்னலுக்குத்தான் வாழ்க்கை. பெரிய ஓட்டைதான் நல்லது என்று நினைத்து வருகிறவர்களிடம் எல்லாம் பல வருடமாக இதையே சொல்லித் திருத்திக்கொண்டிருந்தவர் அவர். வேகமாக்கும்போது மறக்காத பாடம், மெதுவாக்க உட்கார்ந்ததும் மறந்துபோயிருந்தது.

ஜைனப்பின் அழைப்பை அவர் எடுக்கவில்லை. ஆஸ்மா எடுத்தாள். எடுத்துவிட்டு, போனைக் கீழே வைக்காமல், நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அவர் "ம்" கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் முறை ஹெட் வந்தபோது மெக்கானிக் ஒரு கேள்வியும் சேர்த்து அனுப்பியிருந்தார்: இத்தனை தடவை திறந்து மூடுவதற்கு ஒரு ஜிப் வைத்துத் தைத்துவிடலாமா? உமைர் அதைச் சிரிக்காமல் சொன்னான்.

இப்போது அப்துல் காதர் தன் அறிவு முழுவதையும் கூட்டி யோசித்தார். குறுக்கினால் பாய்கிறது என்றால், அகலமாக்க வேண்டும். அளவுக்கு மீறி அகலமாக்க வேண்டும். காற்று அந்தப் பெரிய குகைக்குள் நுழைந்து, எங்கே போவதென்று தெரியாமல் சோம்பிக் கிடக்க வேண்டும். பசையைச் சுரண்டி எடுத்தார். சுவர்களைக் குடைந்தார். கைடைச் சுற்றியிருந்த தூணையே வெட்டி எறிந்தார். ஒரு பயிற்சிப் பையன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். செய்யச் செய்ய அவருக்கு உள்ளே ஏதோ வலித்தது. மகளுக்காக, என்று சொல்லிக்கொண்டார். அவளுடைய நிக்கா நடக்க வேண்டும். அவளைக் கட்டுகிறவன் முழு உடம்போடு இருக்க வேண்டும். அதற்கு ஒரு ஹெட் நாசமானால் ஆகட்டும்.

இந்த முறை கணக்கு தப்பவில்லை. வண்டி சிக்னலில் கிளம்ப மறுத்தது. இருமியது. அணைந்தது. பஸ்கள் பின்னாலிருந்து ஹாரன் அடித்தன. இதையெல்லாம் உமைரே வந்து சொன்னான். இரண்டு கைகளிலும் விரல்களை விரிக்க முடியாமல் வைத்திருந்தான். இறுக்கிப் பிடித்துப் பிடித்து வலி கண்டுவிட்டதாம்.

அப்துல் காதர் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டார். "மெதுவாப் போகுதா?"

"மெதுவாப் போனா நின்னுடுது மாமா. எண்பதுக்கு மேல போனாத்தான் அதுக்கு உயிரே வருது. அதனால எண்பதுக்குக் கீழ இறங்குறதே இல்ல." அவன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டான். "மஞ்சள் விழுந்தாலும் நிக்கிறதில்ல. நின்னா திரும்பக் கிளம்பாதே, அதான்."

சுவர் மின்விசிறி ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்குத் திரும்பி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

அப்துல் காதர் எழுந்து, அவன் தோளில் கை வைத்து எடுத்தார். அந்தப் பையன் ஏதோ சொல்ல நினைத்து வாயைத் திறந்து மூடியதுபோலத் தோன்றியது. இவனும் என்னைப் போலத்தான், பேச்சு வருவதற்குள் நேரம் போய்விடுகிறது என்று நினைத்துக்கொண்டார். முதல் தடவையாக அவனைப் பிடித்துப்போனது.

மறுநாள் ஜைனப் நேரிலேயே வந்துவிட்டார். டாக்சியிலிருந்து இறங்கி, தூசிக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, செல்லக்கண்ணு ஓடி வந்து போட்ட முக்காலியில் உட்கார்ந்தார். கையில் வட்டலாப்பக் கிண்ணம். சண்டைக்கு வருகிறவர் இனிப்போடு வர மாட்டார் என்று அப்துல் காதர் ஆறுதல் கொண்டார். ஆனால் ஜைனப் பேசத் தொடங்கும் முன் கிண்ணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். அது பயமாக இருந்தது.

"சம்மந்தி, நேத்து என் புள்ள கார்பார்க்குல வந்து இறங்கி, புளோக் கீழ அப்படியே தரையில உக்காந்துட்டான். கால் மணி நேரம். லிஃப்டுல ஏறக்கூட பயமா இருக்காம்."

அப்துல் காதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். எனக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்? மெதுவாக்குங்கன்னு சொன்னேன். நீங்க ஒவ்வொரு தடவை மெதுவாக்கும்போதும் அவனுக்கு ஆயுசு குறையுது." அவர் பெருமூச்சு விட்டார். "வேகமாவே இருக்கட்டும். ஒழுங்கா இருந்தாப் போதும். நின்னா நிக்கணும், கிளம்புனா கிளம்பணும். உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல வேலையச் செஞ்சு குடுத்துடுங்க. அவன் சிரிச்ச முகத்தோட ஒரு நாள் வீட்டுக்கு வரட்டும், அன்னைக்கே கார்டு அச்சுக்குப் போகும்."

"ம்," என்றார் அப்துல் காதர். பிறகு, ஜைனப் எழுந்து போவதற்குள், பெரிய முயற்சி எடுத்து, "செய்றேன்," என்றும் சேர்த்தார்.

ஜைனப் வட்டலாப்பத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது இரண்டு பேரும் ஒன்றையே கேட்டார்கள். நல்ல வேலை. அது ஒன்றுதான் அவருக்குச் செய்யத் தெரிந்தது. அதை மட்டும்தான் இத்தனை வாரங்களாக யாரும் செய்யவிடவில்லை.

குடைந்து நாசமாக்கிய ஹெட்டைத் திருத்த முடியாது. மெக்கானிக்கிடம் சொல்லிப் புதிதாக ஒன்று வரவழைத்தார். முதலில் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்று எங்கே நுழையும், எங்கே திரும்பும், எந்த இடத்தில் சுவரை விட்டு விலகிச் சுழலும் என்று நினைத்துப் பார்த்தார். காற்றுக்கு அவசரம் கிடையாது, வழி மட்டும்தான் வேண்டும் என்று அவருக்கு எப்போதும் தோன்றும். மனிதர்கள்தான் வழியில் தூணாக நின்றுகொண்டு வேகத்தைக் குறை சொல்கிறார்கள்.

வழியின் அகலத்தைத் தொடவில்லை. மேடுகளை மட்டும் கரைத்தார். காற்று கீழே இறங்குகிற உள்வளைவை, விரல் நுனியால் தடவிப் பார்த்துப் பார்த்து, ஒரு முழங்கை மடிவதுபோல நீவினார். கைடின் முன்பக்கத்தை மொட்டையாக்காமல், பின்பக்கத்தை மெல்லச் சீவி, நீரில் நிற்கிற மீன்போல ஆக்கினார். வால்வு வந்து உட்காருகிற விளிம்பில் கோணங்களைச் சரியாக வெட்டினார். கிரைண்டரை நிறுத்திக் காது அடைப்பானைக் கழற்றியபோது வழக்கமான ரீங்காரம்கூட இல்லை. தோள் வலித்தது, ஆனால் அது உழைத்த வலி. வேக்குவம் கிளீனர் பெட்டியில் வைத்தபோது காற்று சீட்டியடிக்காமல், முனகாமல் போனது. இதைவிட நல்ல ஹெட் ஒன்றைத் தான் செய்ததில்லை என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. வட்டலாப்பத்தில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டார்.

வீட்டில் யும்னா, "இந்தத் தடவை நல்லா வந்திருக்கா வாப்பா?" என்று கேட்டாள்.

"வந்திருக்கு."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, கட்டிக்கொள்ளப்போகிறவனின் சந்தோஷம்தான் தன் சந்தோஷம் என்று நினைக்கிற பெண் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

உமைர் ஹெட்டை வாங்க வந்தபோது அப்துல் காதர் அவனிடம் தன் கணக்கில் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். "என்னால ஆனதச் செஞ்சுட்டேன். இனிமே ஓட்டுற கையிலதான் இருக்கு. நிதானம் வேணும்."

உமைர் பணிவாகத் தலையாட்டினான். "சொல்லிடுறேன் மாமா," என்றான்.

சில நாள் கழித்து ஜைனப்பிடமிருந்து ஆஸ்மாவுக்குச் செய்தி வந்தது. பையன் இரண்டு நாளாகச் சிரித்த முகமாக வருகிறான், ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டான், கார்டு அச்சுக்குப் போய்விட்டது. ஆஸ்மா அதைப் போனில் படித்துக் காட்டியபோது அப்துல் காதர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவு நாளும் எதையோ தூக்கிக்கொண்டே நின்றிருந்தோம் என்பது இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை பட்டறையில் வேறு வேலை இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னவோ தோன்றி வாசலுக்கு வந்தார். செல்லக்கண்ணு ஆச்சரியத்தோடு நகர்ந்து உட்கார்ந்து, எதிர்க் காப்பிக் கடையிலிருந்து பால் விடாத தே ஓ இரண்டு வரவழைத்தார். இரண்டு பேரும் அஞ்சடியில் உட்கார்ந்து குடித்தார்கள். சாலை முழுக்க லாரிகளும் பஸ்களும் டாக்சிகளும். சிக்னல் சிவப்பில் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சிக்னலில் முதல் வரிசையில் ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள் நின்று உறுமிக்கொண்டிருந்தது. உறுமல் என்றுகூடச் சொல்ல முடியாது. அவ்வளவு சீராக மூச்சு விட்டது. அந்த மூச்சை அவர் வேக்குவம் கிளீனர் பெட்டியில் கேட்டிருக்கிறார். தான் பெற்ற பிள்ளையின் குரலைக் கூட்டத்தில் அடையாளம் கண்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வண்டியில் இரண்டு பேர். முன்னால் இருந்தவர் முகம் முழுவதும் மூடிய ஹெல்மெட்டும் தடித்த ஜாக்கெட்டுமாக, முதுகு நேராக, ஒரு காலை லேசாகத் தரையில் ஊன்றி, அலட்டிக்கொள்ளாமல் நின்றார். பின்னால் இருந்தவன் அந்த ஜாக்கெட்டை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பிடித்து, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டிருந்தான். கூட்டாளி எவனோ. பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

பச்சை விழுந்தது. வண்டி இருமவில்லை, பாயவில்லை. நூலை இழுத்ததுபோல ஒரே சீராக எழும்பி, ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்து பார்த்து, உடலைக் கொஞ்சமாகச் சாய்த்து, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. சிக்னலில் நின்ற மற்ற வண்டிகள் அப்போதுதான் கிளட்சை விட்டிருந்தன.

நன்றாகத்தான் ஓட்டுகிறான் என்று அப்துல் காதர் வியந்தார். இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? ஒருவேளை தன் சொற்பொழிவு வேலை செய்திருக்கும். ஜைனப் வீணாகப் பயந்திருக்கிறார். தானும் வீணாகப் பயந்திருக்கிறோம். மனம் நிறைந்து, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே அவர் பேசினார்.

"பார்த்தீங்களா? என் மருமகன்."

செல்லக்கண்ணு தே ஓவை ஒரு மிடறு குடித்து, வண்டி மறைந்த திசையைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்.

"ஆமாண்ணே, தினமும் பார்க்குறேன், தம்பி பின்னால இப்படித்தான் உயிரக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு; நம்ம யும்னாவக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லக் கூடாதா?"